ஊரா, படகா?

துறைமுகத்தில் எல்லோரும் அவளை நாலரை என்றுதான் கூப்பிடுவோம். சுற்றுலாக் கப்பல் காலை ஒன்பதுக்கு வந்து கட்டினால் மாலை நாலரைக்குக் கிளம்பிவிடும். "நாலு மணிக்குள்ள கேட்டுக்கு வந்துடுங்க, நாலரைக்குக் கப்பல் போயிடும்" என்று பத்தொன்பது வருடமாகக் கவுண்டரில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு மூக்கின் மேல் கோபம். "ஏழரைக்கு மூணு கம்மி, அதனால தப்பிச்சோம்" என்று கப்பல்களைக் கட்டி இழுக்கும் இழுவைப் படகு ஆட்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் சிரித்துவிட்டு யார் சொன்னது என்று பார்த்து வைத்துக்கொள்வாள்.

என் தொப்பிக் கடை அவள் கவுண்டருக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி இருக்கிறது. அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். அதனால்தான் இதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது. சொல்லத் தகுதி இல்லாமல் போவதற்கும் அதுவே காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

அவள் வேலை இதுதான். கப்பலிலிருந்து இறங்குகிறவர்களுக்கு எங்கள் ஊரில் ஏழரை மணி நேரம் இருக்கும். அதில் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். ஊருக்குள் நடந்து கடைத்தெரு, கலங்கரை விளக்கு மேடு, அருங்காட்சியகம் என்று சுற்றலாம். இல்லையென்றால் படகில் ஏறிக் கடல் நிலத்துக்குள் நீண்டு நுழையும் குறுகிய நீர்வழியே போய், செங்குத்துப் பாறைகளையும் அவற்றின் உச்சியிலிருந்து கடலில் நேராக விழும் அருவியையும் பார்த்துவிட்டு வரலாம். படகு போய்வர ஐந்து மணி நேரம். கவுண்டரின் மேல் ஒரு பலகை. இடது பாதியில் ஊர்ப் படம், வலது பாதியில் படகுப் படம். வருகிறவர்கள் அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எது நல்லா இருக்கும்?"

அவள் முதலில் அவர்கள் காலைப் பார்ப்பாள். செருப்பையும் நடையையும் வைத்தே முடிவு செய்துவிடுவாள். முட்டி வலிக்காரர்களிடம், "ஊரைப் பாருங்க, நினைச்ச இடத்துல உட்காரலாம்" என்பாள். காலில் வலு இருப்பவர்களிடம், "ஊர் எல்லா ஊர்லயும் இருக்கு. இந்தப் பாறை இங்க மட்டும்தான் இருக்கு" என்பாள். தயங்கித் தயங்கி நிற்கிறவர்கள் அவள் சொன்னதும் நிம்மதியாகப் போய்விடுவார்கள். முடிவு செய்யும் பாரத்தை இன்னொருவர் தலையில் இறக்கி வைத்துவிட்டால் மனிதர்களுக்கு எவ்வளவு லேசாகிவிடுகிறது என்பதை அந்தக் கவுண்டருக்கு எதிரே உட்கார்ந்துதான் நான் கற்றுக்கொண்டேன்.

அவள் வீடு துறைமுகத்திலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. மீன்பெட்டிக் கிடங்கு தாண்டி, ஏற்றத்தில் மூன்றாவது சந்து. இரண்டு அறை, ஒரு சமையலறை. கடலைப் பார்த்த பின்னறையில் அவள் அப்பா இருந்தார். முப்பத்து மூன்று வருடம் இழுவைப் படகில் வேலை பார்த்தவர். எண்பதாவது வயதில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் பாதி போய்விட்டது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே ஒரு டீ குடித்து முடித்துவிடலாம். ஆனால் புத்தி கத்தி மாதிரி. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவரோடு சதுரங்கம் ஆடப் போவேன். இடது கையால் காய் நகர்த்தி என்னைத் தோற்கடித்துவிட்டு, பாதி முகத்தால் சிரிப்பார். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஒரு அக்கா உண்டு. கல்யாணமாகி இருபத்து நான்கு வருடங்களுக்கு முன் வேறு நாட்டுக்குப் போனவள். அவர்கள் அம்மா இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தபோது அக்கா பார்சல் அனுப்பினாள். போர்வை, மருந்து, காற்று மெத்தை எல்லாம் வந்தன. அவள் மட்டும் வரவில்லை. அம்மா இறந்த அன்று அவள் பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்தாள். நியாயமான காரணம்தான். ஆனால் இரண்டு வருடம் அம்மாவைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனவளுக்கு நியாயம் எங்கே காதில் ஏறும்? "நீ அங்கேயே இரு. இனிமே இந்த வாசப்படி மிதிக்காத" என்று போனில் சொல்லி வைத்துவிட்டாள். அதோடு சரி. பதினோரு வருடம் அக்காவும் தங்கையும் பேசவில்லை. அப்பாவுக்குப் பேச வந்தவரை அவரோடு அக்கா பேசினாள். அவர் பேச்சு போனதும் அந்த நூலும் அறுந்தது. நாலரைக்கு இரண்டு வரன் வந்தன. "அப்பாவும் என்கூடத்தான் இருப்பார்" என்றாள். இரண்டும் வாசலோடு திரும்பிப் போயின.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலை அவள் போனை என் முன்னால் நீட்டினாள். அக்காவிடமிருந்து செய்தி. கணவரோடு கப்பலில் வருகிறாளாம். தேதி, கப்பல் பெயர். கடைசி வரி: 'அன்னிக்கு அப்பாவைப் பார்க்கலாமா?'

"என்ன பதில் போட்ட?"

"சரின்னு போட்டேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்னண்ணா போடணும்? ஆரத்தி எடுக்கறேன்னா?"

வாய்தான் அப்படி. கை வேறு மாதிரி இருந்தது. அடுத்த இரண்டு வாரம் அந்தப் பின்னறையை அவள் புரட்டிப் போட்டாள். மருந்து வாடையும் மூத்திர வாடையும் போகத் தரையை மூன்று முறை கழுவினாள். ஜன்னல் திரையை மாற்றினாள். முந்தின ஞாயிறு நான் போனபோது அப்பா ஆட்டத்தில் கவனமே இல்லாமல் ராணியைப் பறிகொடுத்தார். "பெரியவ... வர்றா" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு அரை நிமிடம் ஆனது. சொன்ன பிறகு நெடுநேரம் மூச்சு வாங்கினார்.

அன்றைக்குக் கப்பல் சரியாக ஒன்பதுக்குக் கட்டியது. நாலரை விடியற்காலையிலேயே அப்பாவுக்கு முகம் மழித்து, நீலச் சட்டை போட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள். கவுண்டர் கூட்டம் பத்து மணிக்குள் வடிந்துவிடும். பிறகு அக்காவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவது என்று திட்டம். பக்கத்துக் கவுண்டர்காரியிடம் சொல்லியும் வைத்திருந்தாள்.

அக்கா வரிசையிலேயே வந்தாள். வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ஜாடையை வைத்து நானே கண்டுபிடித்துவிட்டேன். அதே தாடை, அதே முன்நெற்றி. கூடவே கழுத்தில் கேமராவோடு அவள் கணவர். நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தார், சிரித்த முகம். இருவர் சட்டையிலும் ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஆரஞ்சு என்றால் படகு. கப்பல் டிக்கெட்டோடு சேர்த்தே முன்பதிவு செய்தவர்களுக்குத் தருவது.

நாலரையின் கண் முதலில் போனது அந்த ஸ்டிக்கருக்குத்தான். அதை நான் பார்த்தேன்.

"எப்படி இருக்கே?" என்றாள் அக்கா.

"இருக்கேன்."

கட்டிக்கொள்ளவில்லை. நடுவே கவுண்டர் இருந்தது.

கணவர்தான் பேச்சைத் தொடங்கினார். "ஆறு மாசம் முன்னாடியே புக் பண்ணினது இது. இதுக்காகத்தான் இந்தக் கப்பலையே எடுத்தோம்னு வெச்சுக்கயேன். மூணு மணிக்குத் திரும்பிடுவோமாமே? வந்ததும் நேரா வீட்டுக்கு வந்து மாமாவோட ஒரு அரை மணி உட்கார்ந்துட்டுப் போயிடலாம்."

"நான் வேணா இங்கேயே இருந்துடறேனே. நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள் அக்கா. சொன்னது கணவரிடம், பார்த்தது தங்கையை. கண்ணாடியைக் கழற்றினாள். "அப்பா எப்படி இருக்கார்?"

"அப்படியேதான்."

"என்னைப் பார்த்தா தெரியுமா அவருக்கு?"

நாலரை டிக்கெட் கட்டைக் கையில் எடுத்துத் தட்டிச் சமன் செய்தாள். "சில நாள் தெரியும். சில நாள் யாரையும் தெரியாது. இன்னைக்குக் காலையில என்னையே தெரியல."

நான் தொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். என் கை நின்றுவிட்டது. முழுப் பொய். ஞாயிறுதோறும் என் குதிரையை மடக்கி மூலையில் நிறுத்துகிறவர் அந்த மனிதர். பெரியவள் வருகிறாள் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவர். ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். 'என்னம்மா இப்படிச் சொல்ற, அவருக்கு எல்லாம் நல்லாத் தெரியுதே' என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்திருக்கலாம். நான் மறுபடி தொப்பியை அடுக்கினேன்.

அக்காவின் முகத்தில் என்னவோ தளர்ந்தது. அது துக்கமா, வேறு எதுவுமா என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். அவள் பலகையை அண்ணாந்து பார்த்தாள். இடது பக்கம், வலது பக்கம். பிறகு எல்லோரும் கேட்பதையே கேட்டாள்:

"நான் என்ன பண்ணட்டும்? எது... எது நல்லா இருக்கும்?"

"படகு நல்லா இருக்கும்" என்றாள் நாலரை. அதே கவுண்டர் குரல். "ஊர்ல பார்க்க ஒண்ணும் இல்ல. நாலு மணிக்குள்ள கேட்டுக்கு வந்துடுங்க."

அவர்கள் போனார்கள். படகுத் துறையின் திருப்பத்தில் அக்கா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நாலரை அடுத்த ஆளின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்குக் கூட்டம் வடிந்தது. அவள் எழவில்லை. பதினொன்றுக்கு நானே போய், "வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயேன்" என்றேன்.

"மூணு மணிக்குத்தான் வர்றாங்களே. சேர்ந்தே போனா போச்சு."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?"

"எப்படிச் சொன்னேன்?" என்று கேட்டாள். அந்தப் பார்வைக்கு நான் திரும்பி வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

மதியத்துக்கு மேல் காற்று திரும்பியது. மூன்று மணிக்கு வர வேண்டிய படகு மூன்றரைக்கும் வரவில்லை. நாலரை தன் கைக்கடிகாரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு முறை துறை முனை வரை நடந்துவிட்டு வந்தாள். அந்த நடையில் காலையில் இருந்த விறைப்பு இல்லை. படகு வந்தபோது நான்கு மணிக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. எல்லோரும் நனைந்து, முகம் வெளுத்து இறங்கினார்கள். கப்பல் ஆட்கள் கையைத் தட்டி அவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு கவுண்டருக்கு ஓடி வந்தாள்.

"டாக்ஸி பிடிச்சா மூணு நிமிஷம்தானே? வாசல்ல நின்னு பார்த்துட்டு ஓடி வந்துடறேன்."

"நாலு மணிக்கு கேட் மூடிடும், அக்கா."

பதினோரு வருடத்தில் முதல் முறையாக அக்கா என்று சொன்னாள். சொன்னது உண்மையும்கூட. கேட்டை மூடத்தான் போகிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து கணவர் பெயர் சொல்லிக் கத்தினார். அக்கா கையிலிருந்த பையைக் கவுண்டரின் மேல் வைத்தாள். "அப்பாவுக்கு. குளிருக்குப் போடற மாதிரி" என்றாள். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சீருடைக்காரர் ஒருவர் வந்து தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

கப்பல் கிளம்பியது. அதற்குப் பிறகு நடந்ததை அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போனபோது அப்பா அதே நாற்காலியில் இருந்தார். மதியம் சாப்பாடு கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, "வாயே திறக்க மாட்டேங்கறார். மக வந்ததும் சாப்பிடறாராம்" என்று வாசலிலேயே அவளிடம் சொன்னாள். நீலச் சட்டை கசங்காமல் இருந்தது. கசங்கிவிடக் கூடாது என்று நாள் முழுக்க அவர் சாயவே இல்லை போலிருக்கிறது.

"அலை ஜாஸ்தியாம்ப்பா. கப்பல் உள்ள வர முடியாம அப்படியே தாண்டிப் போயிடுச்சாம்" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். முப்பத்து மூன்று வருடம் கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்தவரிடம் அவள் அதைச் சொன்னாள். கப்பல் துறையை விட்டுப் பின்வாங்கும்போது மூன்று முறை குறுக ஊதும். அந்த ஊதலுக்குக் காத்திருந்து காத்திருந்தே அவர் ஆயுசு கழிந்தது.

"மூணு... ஊதுச்சு" என்றார்.

அதன் பிறகு இடது கையால் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவள் உதவப் போனபோது கையைத் தட்டிவிட்டார். ஐந்து பொத்தானுக்கும் வெகுநேரம் ஆனது. அவள் நின்றுகொண்டே பார்த்திருந்தாள்.

மூன்றாம் நாள் அவளால் தாங்க முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அக்கா வந்தது, கேட்டது, தான் பொய் சொன்னது, படகில் ஏற்றி அனுப்பியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில் ஒரே வார்த்தை: "ஏன்?"

அடுத்த நாள் காலையில் வழக்கம்போல அவள் கையால் ஊட்டியதை அவர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். "திட்டியிருந்தா பரவாயில்லண்ணா. மூஞ்சியைத் திருப்பியிருந்தாகூடப் பரவாயில்ல. வாயைத் திறந்து வாங்கிக்கிட்டார்" என்று என்னிடம் சொன்னாள்.

நான்கு மாதம் கழித்து, கப்பல் வராத பருவத்தில், அப்பா இறந்துபோனார். அக்கா விமானத்தில் வந்தாள். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. ஒன்பது நாள் தங்கினாள், அப்பாவின் பின்னறையிலேயே. அக்காவும் தங்கையும் ஒரே சமையலறையில் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடந்தார்கள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு நோட்டு கிடைத்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், தினமும் இடது கையால் நாலு வரி எழுதச் சொல்லி அவருக்குக் கொடுத்தது. கோணல் மாணலாக அவர் எழுதியிருந்தார். பேப்பரில் வந்த செய்தி, எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு வந்தது, சதுரங்கத்தில் என்னை எத்தனை முறை ஜெயித்தார், எல்லாம் தேதியோடு. கப்பல் வந்த அன்றைய தேதியில், அதிகாலையில் எழுதியிருக்க வேண்டும், ஒரே வரி: 'பெரியவளுக்கு நாற்காலி இடப்பக்கம் போடச் சொல்லணும். எனக்கு வலது காது கேட்கவில்லை.'

அக்கா அந்த நோட்டைக் கொண்டுவந்து சமையலறை மேஜைமேல் வைத்தாள்.

"யாரையும் தெரியலன்னு சொன்னியே."

"பொய் சொன்னேன்" என்றாள் நாலரை. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். அக்கா கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தாளாம்.

அக்கா உட்கார்ந்துவிட்டாள். "நீ சொன்னப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சுடி. அவருக்குத் தெரியாதுன்னா நான் போகலைன்னாலும் பரவாயில்லையேன்னு. அம்மா சாவுக்கு வராத மூஞ்சியை அவர்கிட்ட காட்ட வேண்டாமேன்னு. கப்பல் ஏறின நாள்லேருந்து பயந்துக்கிட்டேதான் வந்தேன். யாராவது போகாதன்னு சொல்ல மாட்டாங்களான்னு. நீ சொல்லிட்ட."

"நான் கோபத்துல சொன்னேன்."

"தெரியும். உன்னை எனக்குத் தெரியாதா? நீ கோபத்துல சொல்றன்னு தெரிஞ்சுதான் நம்பினேன்."

படகில் ஐந்து மணி நேரமும் அக்கா அருவியைப் பார்க்கவில்லையாம். பின்னால் இஞ்சின் அறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளாம். கணவர் படம் எடுத்துக்கொண்டே இருந்தாராம். அதையெல்லாம் அன்று சொன்னாள். அழுதார்களா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இதனால் இருவரும் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இப்படி ஒன்றைச் சொல்லிவிட்ட பிறகு ஒருவரை ஒருவர் பார்ப்பது இன்னும் கஷ்டமாகிவிடுகிறது. மீதி நாட்களில் அக்கா அறையைக் காலி செய்தாள். கட்டிலை யாருக்கோ கொடுத்தார்கள். "என்கூட வந்து இரேன். இங்க தனியா என்ன பண்ணப்போற?" என்று அக்கா கிளம்பும் முன் கேட்டாள். நாலரை வேலையைக் காரணம் காட்டினாள். இருவருக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

பருவம் தொடங்கிக் கப்பல்கள் வர ஆரம்பித்தபோது, ஒரு நாள் மதியம் கூட்டமில்லாத நேரம் அவள் எழுந்து என் கடைக்கு வந்தாள். ஒரு தொப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணா, அன்னைக்கு நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுதானே?"

"கேட்டுச்சு."

"பொய்னு தெரியும்ல?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா."

குடும்ப விஷயத்தில் மூன்றாம் மனுஷன் எப்படி மூக்கை நுழைப்பது என்று பேசாமல் இருந்துவிட்டதாகச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நாக்கு கசந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அந்த வீட்டில் டீ குடிக்கும்போது மட்டும் நான் மூன்றாம் மனுஷனாக இருந்ததில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். குற்றம் சொல்லவில்லை. தொப்பியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த மாதம் அவளாகவே கேட்டு சாமான் அறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். அங்கே பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். பேச்சு அதிகம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போன் செய்கிறாளாம். ஐந்து நிமிடம் பேசுகிறார்கள். பேச்சு முழங்கால் வலியில் தொடங்கி, அங்கே மழையா, இங்கே மழையா என்பதில் முடிகிறதாம். நான் இப்போது அந்த வீட்டுக்குப் போவதில்லை. அவள் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை.